பெல்ட்டுக்கும் பல் பிடித்துப் பார்க்க வேண்டும்

கேள்வி:

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஒன்றரை வருடமாகக் கராத்தே கிளாஸ் போகிறாள், மஞ்சள் பெல்ட். போன மாதம் திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஓப்பன் போட்டியில், 'வெள்ளை முதல் ஆரஞ்சு வரை' பிரிவில் குமித்தே, அதாவது நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் இறங்கினாள். முதல் ரவுண்டு ஜெயித்தாள். இரண்டாவதில் எதிரே வந்த பாப்பாவும் வரிசையில் மஞ்சள் பெல்ட்டோடுதான் நின்றது. ஆளைப் பிரித்துக் காட்டுகிற சிவப்பு, நீல பெல்ட்டை மாற்றிக் கட்டி உள்ளே போனதும் 40 விநாடிகூட ஆகவில்லை, எட்டுக்குப் பூஜ்யம். தலைக்கு ரெண்டு உதை. என் மகளுக்கு உதடு கிழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தப் பாப்பா படிக்கிற கிளாஸ்காரர்கள் ஏழு மாதத்துக்கு முன்னால் போட்ட போட்டோவில் அது கறுப்புக்கு முந்தின பிரவுன் பெல்ட் கட்டி, கையில் சர்டிபிகேட்டோடு நிற்கிறது. எங்கள் மாஸ்டரிடம் காட்டினேன். "போச்சாதுங்க, எல்லாரும் பண்றதுதானுங்க. அடுத்த மாசம் சேலத்துல போட்டி இருக்குது. அம்மிணிக்கு நாமளும் வெள்ளை பெல்ட்டக் கட்டி இறக்கிடலாம்" என்கிறார். மகளோ கிளாஸுக்கே போக மாட்டேன் என்கிறாள். புகார் கொடுத்தால் யாரிடம் கொடுப்பது? பதக்கம் கிடைக்குமா? மாஸ்டர் சொல்வதுபோலச் செய்யலாமுங்களா?

பதில்:

வணக்கமுங்க. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. அதற்கும் முன்னால் உதடு.

தலைக்கு உதை பட்ட குழந்தையை இரண்டு நாளாவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனை. உங்கள் விஷயத்தில் ஒரு மாதம் ஆகிவிட்டதால் இது அடுத்த முறைக்கு. பல்லுக்குப் போடும் கார்டு இல்லாமல் இனி அவளை உள்ளே விடாதீர்கள். வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்துப் பல்லுக்கு ஏற்ற வடிவம் கொண்டுவருகிற வகை போதும். ஆனால் பத்து வயது என்பது பால்பல் விழுந்து முளைக்கிற வயது. ஆறு மாதத்துக்கு முன் கடித்துப் பதித்த கார்டு இன்றைக்குப் பொருந்தாது; போட்டிக்கு முந்தின வாரம் மறுபடி பார்த்துவிடுங்கள்.

இனி அந்த எட்டுப் புள்ளி. உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி குத்துக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு உதைத்தால் இரண்டு, தலைக்கு உதைத்தால் மூன்று. எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் நேரம் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. இரண்டு தலை உதை ஆறு, இரண்டு குத்து இரண்டு. உங்கள் கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் உதடு கிழிகிற அளவுக்கு உதை பட்டிருந்தால் அது புள்ளி கொடுக்க வேண்டிய அடியே அல்ல. எச்சரிக்கை கொடுக்க வேண்டிய அடி. சிறுவர் பிரிவில் முகத்தருகே அடக்கி நிறுத்தத் தெரிவதுதான் திறமை. ஆகவே அன்றைக்கு இரண்டு தவறு நடந்திருக்கலாம்: பெல்ட்டில் ஒன்று, நடுவரிடம் ஒன்று. இரண்டையும் ஒரே புகாரில் குழப்பினால் இரண்டுமே நிற்காது. நடுவர் தீர்ப்பை மறுப்பதென்றால் உங்கள் தரப்புக் கோச் அன்றே, அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். அது முடிந்துபோன கதை. பெல்ட் விஷயம் ஆவணத்தால் நிற்கிறது என்பதால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது.

அந்தக் குழந்தை உண்மையிலேயே பிரவுன் பெல்ட்தானா? நம் பகுதியில் மாட்டுச் சந்தைக்குப் போனால் தோலின் நிறத்தையும் திமிலையும் பார்த்துவிட்டு யாரும் பணம் எண்ணுவதில்லை. வாயைத் திறந்து, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பிடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசத் துண்டுக்குள் விரலே போகும். பெல்ட்டுக்கு மட்டும் நிறத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். அந்த நிறத்துக்கு அத்தனை கெட்டியான பொருள் கிடையாது. டான் என்கிற கறுப்பு பெல்ட் படிநிலையை 1880-களில் ஜூடோவுக்குக் கொண்டுவந்தவர் கானோ ஜிகோரோ. கராத்தேயில் ஃபுனாகோஷி கிச்சின் முதல் டான் பட்டங்களைக் கொடுத்தது 1924-இல். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே இத்தனை நிறங்கள் பெருகியது அதன் பிறகு, 1930-களில் ஐரோப்பாவில், ஜூடோ மாணவர்களுக்கு ஆர்வம் குறையாமலிருக்க. வகுப்புக்குள் பாடம் நடத்துவதற்காக வந்த நிறத்தைத்தான் போட்டியில் ஆளைப் பிரிக்கிற எடைக்கல்லாக வைத்திருக்கிறோம். அதனால்தான் ஒரு பள்ளியில் பச்சைக்குப் பிறகு நீலம், இன்னொன்றில் நீலத்துக்குப் பிறகு பச்சை. ஒன்றில் ஊதா உண்டு, மற்றொன்றில் ஆரஞ்சே கிடையாது. பிரவுன் மட்டும் பெரும்பாலும் 3-ஆம் கியூ முதல் 1-ஆம் கியூ வரை என்று ஓரளவு ஒத்துப்போகும். கியூ என்பது கறுப்புக்குக் கீழான படி; அந்த எண் இறங்க இறங்கத் தகுதி ஏறும். நிறத்தைவிட எண்ணைக் கேட்பதே மேல்.

ஆகவே புகாருக்கு முன் உங்களிடம் உள்ள போட்டோவைச் சந்தேகப்பட்டுப் பாருங்கள். வீட்டில் அக்கா, தங்கை இருக்கிறார்களா? போட்டோ போட்ட தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது, எடுத்த தேதி? கையிலுள்ள சர்டிபிகேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கியூ எண், தேதி, எந்த ஸ்டைல் என்று தெரிகிறதா? குழந்தை வேறு ஒரு கலையிலோ வேறு ஸ்டைலிலோ பிரவுன் வாங்கிவிட்டு, புது மாஸ்டரிடம் சேர்ந்ததால் மறுபடி மஞ்சளிலிருந்து தொடங்கியிருக்கலாம். அதில் பொய் இல்லை. கலை மாறினால் பெல்ட் கீழே இறங்குவது வழக்கம்தான். ஆனால் அந்தக் குழந்தையின் காலும் இடுப்பும் கீழே இறங்குவதில்லை. அதைக் கவனிக்காத என்ட்ரி ஃபார்ம்தான் அங்கே தவறு.

அவள் ஆடிய விதத்தைச் சாட்சியாக வைக்காதீர்கள். 'மஞ்சள் பெல்ட் பிள்ளை இப்படி உதைக்காது' என்பது மண்டபத்தில் பேச நன்றாக இருக்கும், எழுத்தில் நிற்காது. நான்கு வயதிலிருந்து பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளை ஆறே மாதத்தில் தலைக்குக் காலைத் தூக்கிவிடும். பழைய சீருடைமேல் மடிப்புக் கலையாத புது மஞ்சள் பெல்ட் கட்டியிருந்தால் பழகிய கண்ணுக்குச் சந்தேகம் வரும்தான். சந்தேகம் சரி, சாட்சியம் ஆகாது. சாட்சியம் என்பது நான்குதான்: கிரேடிங் என்கிற பெல்ட் தேர்வின் சர்டிபிகேட், கிளாஸ் கொடுக்கிற கிரேடிங் புத்தகத்தில் தேதி போட்ட பக்கம், முந்தைய போட்டிகளில் எந்தப் பிரிவில் இறங்கினாள் என்ற பட்டியல் அல்லது பரிசுச் சான்று, கிரேடிங் நாள் படம். உங்களிடம் நான்காவது இருக்கிறது. மூன்றாவதைத் தேடுங்கள். கிளாஸ்காரர்கள் தங்கள் வெற்றிகளைத் தாங்களே ஊருக்குச் சொல்லிக்கொள்வார்கள். போன வருடம் 'பச்சை முதல் நீலம்' பிரிவில் வெள்ளி வாங்கிய படம் அவர்களுடைய பக்கத்திலேயே இருக்கும்.

இந்தப் பொய் குழந்தை சொன்னது அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். ஃபார்மில் நிறத்தை எழுதுவது மாஸ்டர். ஏன் எழுதுகிறார்? ஒற்றைத் தங்கப் பதக்கத்துக்காக அல்ல. ஓவரால் சாம்பியன்ஷிப் கோப்பைக்காக. தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, அதிகப் புள்ளி எடுத்த கிளாஸுக்குப் பெரிய கோப்பை. ஓப்பன் போட்டிகளில் கீழ் பெல்ட் பிள்ளைகள்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், வயது, எடை, ஆண், பெண் என்று அங்கேதான் பிரிவுகள் பெருகுகின்றன, பதக்கங்களும் அங்கேதான். பிரவுன், கறுப்பு பிரிவில் நாலு பேர் இருப்பார்கள், நாலு பேரும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். அங்கே வெண்கலத்துக்கு வியர்வை சிந்துகிற பிள்ளையைக் கீழே இறக்கினால் நிச்சயத் தங்கம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பஸ் ஸ்டாண்ட் முனையில் வைக்கிற ஃபிளெக்ஸில் அந்தக் கோப்பை நிற்கும், அட்மிஷன் வரும். மஞ்சள் பெல்ட்டுக்குள் பிரவுன் பெல்ட் ஒளிந்திருப்பதன் பொருளாதாரம் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்கு சேண்ட்பேகிங் என்று பெயரே உண்டு.

முரட்டு வழி, அன்றைக்குச் சின்னப் பிள்ளையிடம் பெல்ட்டைக் கடன் வாங்கிக் கட்டுவது. இதைப் பிடிப்பது சுலபம். நாசூக்கான வழி வேறு: பிள்ளையைக் கிரேடிங்குக்கே அனுப்பாமல் நிறுத்திவைப்பது. மூன்று வருடமாக வாரம் நான்கு நாள் பயிற்சி, மேல் நிலைக் கட்டா (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்கிற அசைவு வரிசை) வரை தெரியும், ஆனால் கையில் இருப்பது மஞ்சள் சர்டிபிகேட். பெல்ட் அசல், சான்று அசல், கையெழுத்து அசல். எந்த நடுவராலும் இதைத் தள்ள முடியாது. நிறத்தை மட்டும் கேட்கிற ஃபார்ம் இங்கேதான் தோற்றுப்போகிறது. பயிற்சி மாதங்களையும் பழைய பதக்கங்களையும் கேட்டால் மட்டுமே இது வெளியே வரும்.

நம் பக்கத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரே கூடத்தில் சிலம்பமும் கராத்தேயும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் பலர். சிலம்பத்துக்குப் பெல்ட் கிடையாது. ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, தொடுமுறை என்று பாடம்தான் படி. மூன்று வருடம் தொடுமுறை ஆடிய பிள்ளைக்கு எதிராளியிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, எப்போது உள்ளே பாய்ந்து எப்போது விலகுவது என்பதெல்லாம் காலில் ஊறியிருக்கும். அது கராத்தேயில் வெள்ளை பெல்ட்டாக இறங்கினால் பொய்யா? பொய் அல்ல, ஆனால் நியாயமான ஜோடியும் அல்ல. ஃபார்ம் கேட்டிருந்தால் அந்தப் பெற்றோர் சொல்லியிருப்பார்கள்.

மேல்நோக்கிய பொய்யும் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் கறுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு, 'பிளாக் பெல்ட் சாம்பியன்' என்று போட்டுக்கொள்வதற்காக அந்தப் பிரிவில் இறக்குவது. இதில் அடிபடுவது பொய் சொன்னவரின் மாணவரேதான் என்பதால் யாரும் புகார் கொடுப்பதில்லை. டேக்வாண்டோவில் இதைச் சரிபார்க்க வழி உண்டு: டான் சான்றும், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பூம் சான்றும் கொரியாவின் குக்கிவோன் அமைப்பு கொடுப்பவை, எண்ணை வைத்து அவர்களிடமே சரிபார்த்துக்கொள்ளலாம். கராத்தேயில் மஞ்சளோ பிரவுனோ கொடுப்பது அந்தந்தப் பள்ளி. எல்லோருக்கும் பொதுவான ஒரே பதிவேடு இல்லை. சான்றின் மதிப்பு அதில் கையெழுத்துப் போட்டவரின் மதிப்புதான்.

இப்போது உங்கள் புகார். போட்டி நாளிலேயே கவனித்திருந்தால் முறை இப்படி: பெற்றோர் நேராக மேட் அருகே போகக் கூடாது, கோச்தான் போக வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்றால் மிக நல்லது. அந்தப் பிள்ளையின் சான்றைச் சரிபார்க்கும்படி மேட் பொறுப்பாளரிடம் கேட்கலாம். முடிந்த பிறகு என்றால், அடுத்த ரவுண்டு அழைப்பதற்குள் தலைமை நடுவரிடம் எழுத்தில். பல போட்டிகளில் இதற்குக் கட்டணம் வைத்திருப்பார்கள். புகார் சரியென்றால் திரும்பக் கிடைக்கும், இல்லையென்றால் போய்விடும். பதக்கம் கொடுத்து முடித்த பிறகு பேசுவது, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கூட்டு கேட்பதுபோல.

ஒரு மாதம் கழிந்த நிலையில், நடத்திய அமைப்பின் செயலருக்கும் அன்றைய தலைமை நடுவருக்கும் ஒரே கடிதத்தின் இரண்டு படிகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். போட்டியின் பெயர், தேதி, மேட் எண், பிரிவு, ரவுண்டு, யாரோடு யார் மோதுவது என்று காட்டுகிற டிரா ஷீட்டில் இருவரின் எண்கள். பிறகு இப்படி: "மேற்படி பிரிவு வெள்ளை முதல் ஆரஞ்சு வரையிலான பெல்ட்டுகளுக்கு உரியது. எதிர்ப் போட்டியாளர் அதற்கு முன்பே பிரவுன் பெல்ட் பெற்றிருப்பதாகக் காட்டும் படம் இணைத்துள்ளேன். அவருடைய என்ட்ரி ஃபார்மையும் கடைசி கிரேடிங் சான்றையும் சரிபார்த்து, முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். 'மோசடி', 'ஏமாற்றுக்காரர்' என்ற சொற்கள் வேண்டாம். தண்டனை என்ன என்று நீங்கள் சொல்லவும் வேண்டாம். சரிபார்க்கச் சொல்லுங்கள், சரிபார்த்தால் மற்றது தானே வரும். நடுவர்களுக்கு உரிமம் கொடுத்த சங்கம் எது என்று தெரிந்தால் அங்கே ஒரு படி. தனியார் ஓப்பன் போட்டி என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இதில் செய்யக்கூடியது குறைவு. நேரே அங்கே போய் நாளை வீணாக்க வேண்டாம்.

அந்தக் குழந்தையின் படத்தை வட்டமிட்டு எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அதற்கும் பத்து வயதுதான், பெல்ட்டைக் கட்டிவிட்டவர் வேறொருவர். தவிர, நாளைக்கு அந்தப் படம் அக்காவுடையது என்று தெரிந்தால் அவதூறு வழக்கு உங்கள் வாசலில் நிற்கும்.

பதக்கம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் கிடைக்காது. உங்கள் மகள் தோற்றது இரண்டாவது ரவுண்டில். அந்தக் குழந்தை இறுதிக்குப் போயிருந்து, போட்டியில் தோற்றவருக்கு மறுவாய்ப்புக் கொடுக்கிற ரெப்பசாஜ் முறை இருந்திருந்தால், இறுதியாளரிடம் தோற்றவர் என்ற முறையில் உங்கள் மகளுக்கு அன்றைக்கே வெண்கலத்துக்கான ஆட்டம் கிடைத்திருக்கும். சின்ன ஓப்பன் போட்டிகளில் நேரம் போதாமல் ரெப்பசாஜை விட்டுவிட்டு, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் கொடுத்துவிடுகிறார்கள். இனி அந்தக் குழந்தையை நீக்கினாலும் தங்கம் இறுதியில் தோற்றவருக்குப் போகலாம். இரண்டாவது ரவுண்டில் தோற்றவரை மேலே ஏற்ற எந்தக் கணக்கும் இல்லை. நீங்கள் எதிர்பார்க்கலாம் என்று நான் நினைப்பது இரண்டு: முடிவுப் பட்டியலில் ஒரு திருத்தம், அந்தக் கிளாஸின் ஓவரால் புள்ளியிலிருந்து கழிவு. இரண்டாவதுதான் உறைக்கும். பதக்கத்தைப் பிடுங்கினால் அழுவது குழந்தை. கோப்பைப் புள்ளியைக் கழித்தால் அடுத்த முறை ஃபார்மை மாஸ்டர் தானே இரண்டு தடவை படிப்பார்.

சேலத்துக்கு வருவோம். வெள்ளை பெல்ட் கட்டி இறக்க வேண்டாம் என்று சொன்னதற்கு நேர்மை ஒரு காரணம். அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சொல்லத் தேவையானது வேறு. என்ட்ரி ஃபார்மின் அடியில், பெரும்பாலும் சின்ன எழுத்தில், 'மேலே உள்ளவை உண்மை. காயத்துக்கு அமைப்பாளர் பொறுப்பல்ல' என்று ஓர் உறுதிமொழி இருக்கும். அதில் கையெழுத்துப் போடுவது மாஸ்டர் மட்டுமல்ல, நீங்களும்தான். வெள்ளை என்று எழுதி, உள்ளே உங்கள் மகளால் இரண்டு மாதம் மட்டுமே பழகிய ஒரு குழந்தையின் பல் போனால், அந்தக் காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர்.

அந்தப் பொய்யால் வருவதுதான் என்ன? பெல்ட் வாரியான பிரிவு இருப்பது இந்தக் கீழ்ப்படியில் மட்டும். உலகக் கராத்தே கூட்டமைப்பு விதிப்படி நடக்கிற போட்டிகளில் வயதும் எடையும்தான் பிரிவு. உள்ளே தகுதி பெல்ட்டே கட்டக் கூடாது, ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். பிரேசிலியன் ஜுஜுட்சுவில்தான் உலகப் போட்டி வரைக்கும் பெல்ட் பிரிவு கூடவே வரும். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்கிற படிவங்கள் அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களும் பள்ளி, பல்கலைக்கழக விளையாட்டு அமைப்புகளும் கொடுப்பவை. கல்யாண மண்டபத்து ஓப்பன் போட்டியின் தலைப்பில் 'தேசிய' என்று தங்க எழுத்தில் இருந்தாலும், 'வெள்ளை பெல்ட் பிரிவில் முதலிடம்' என்ற சான்று அங்கே செல்லாது. இரண்டு வருடம் கீழே இறங்கித் தங்கம் வாங்கிய பிள்ளை, வயதும் எடையும் மட்டுமே பார்க்கிற மேடையில் முதல் முறையாகத் தன் சமமான ஆளைப் பார்க்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். அதுவரை அது ஜெயித்ததெல்லாம் வேகத்தால், முறையால் அல்ல.

மாஸ்டரிடம் இதையெல்லாம் விவாதமாகக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்கு எதிரிலும் பேசாதீர்கள். கிளாஸ் முடிந்து தனியாக இருக்கும்போது, "மாஸ்டருங்க, அம்மிணி மஞ்சள்லயே இறங்கட்டும், தோத்தாலும் பரவாயில்லைங்க. பெல்ட் நம்பரையும் சேர்ந்த தேதியையும் ஃபார்ம்ல நானே எழுதிடறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் இத்தோடு விட்டுவிடுவார்கள். 'எல்லாரும் பண்றதுதான்' என்பது பல நேரம் தோல்வியில் இருக்கும் பெற்றோரைச் சமாதானப்படுத்தச் சொல்கிற பேச்சு. அதற்கு மேலும் வற்புறுத்தினால் வேறு கிளாஸ் பாருங்கள்.

சேலத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், போட்டி அழைப்பிதழை வாங்கி, விதிகளை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். கியூ எண் கேட்கிறார்களா, நிறம் மட்டுமா? கடைசி கிரேடிங் தேதி? வேறு கலையில் வாங்கிய உயர்ந்த பெல்ட்? மொத்தப் பயிற்சி மாதம்? எடை பார்க்கும் மேசையில் அசல் சான்று கேட்பார்களா? பொருந்தாத ஆளை மேல் பிரிவுக்கு மாற்றும் அதிகாரம் தலைமை நடுவருக்கு எழுத்தில் இருக்கிறதா? கீழ்ப் பிரிவில் இரண்டு தங்கம் வாங்கியவர் மேலே போயாக வேண்டும் என்ற விதி இருக்கிறதா? இவற்றில் மூன்றுக்காவது 'ஆம்' இருந்தால் அனுப்பலாம். ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் கட்டணத்தில் நல்ல முகக் கவசமும் நெஞ்சுக் கவசமும் வாங்கிவிடுங்கள். போட்டி நடத்துகிறவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் ஒரு யோசனை: தொடக்கப் பிரிவுகளை நிறத்தால் பிரிக்காமல், ஆறு மாதம் வரை, ஆறு முதல் பதினெட்டு, பதினெட்டு முதல் முப்பத்தாறு என்று பயிற்சி மாதத்தால் பிரித்துப் பாருங்கள். கிரேடிங்கை நிறுத்திவைக்கிற தந்திரம் அங்கே செல்லாது. மாதத்திலும் பொய் சொல்லலாம்தான். ஆனால் பிள்ளை கிளாஸ் சேர்ந்த நாளிலிருந்து பெற்றோர் போட்ட படங்கள் ஊர் முழுக்க இருக்கும்போது அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது கடினம். ஆதாரில் பிறந்த தேதி பார்ப்பது ஏற்கெனவே நடப்பதால் வயதைப் பற்றி நான் நீட்டவில்லை.

இனி மகள். 'நீ நன்றாகத்தான் ஆடினாய்' என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டாள். அந்த ஆட்டத்தின் வீடியோ யாரிடமாவது இருக்கும். மாஸ்டரோடு உட்கார்ந்து, இரண்டு உதையும் எங்கிருந்து வந்தன என்று மட்டும் பாருங்கள். வீசி வருகிற மவாஷி கெரி உதைக்குத் தூரம் வேண்டும். பாதம் படுகிற தூரத்தில் எதிராளி நின்றால்தான் அது புள்ளி. பயந்து நேர் பின்னால் போகிற குழந்தை, சரியாக அந்தத் தூரத்தில்தான் போய் நிற்கும். மாறாக ஓர் அடி உள்ளே புகுந்தால் பாதம் தாண்டிப்போய்க் கெண்டைக்கால்தான் தோளில் படும். புள்ளி இல்லை, வலியும் குறைவு. அதனால் பயிற்சி இப்படி இருக்கட்டும்: உயரமான ஒரு பிள்ளை மெதுவாகத் தலைக்கு உதை எடுக்க, இவள் இரண்டு கையும் கன்னம் வரை தூக்கிக்கொண்டு, சாய்வாக ஓர் அடி உள்ளே. உதைத்த கால் தரைக்கு வருகிற அந்தக் கணத்தில், எதிராளி ஒற்றைக் காலில் இருக்கும்போது, கியாகு சுக்கி, அதாவது பின்கைக் குத்து ஒன்று வயிற்றுக்கு. பக்கத்துக்குப் பத்து, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். முதல் வாரம் கண்ணை மூடுவாள்; சரியாகிவிடும். மூன்றாவது வாரத்துக்கு மேல் வேகத்தைக் கூட்டலாம். கிளாஸுக்கு வர மறுத்தால் இரண்டு வாரம் கட்டா மட்டும் செய்யட்டும், குமித்தேவுக்கு இழுக்க வேண்டாம்.

அவள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: எதிரே நின்றவள் இவளைவிடப் பல மாதம் அதிகம் பழகியவளாக இருக்கலாம், அதைச் சரிபார்க்கச் சொல்லி அப்பா கடிதம் எழுதியிருக்கிறார் என்று. கடிதத்தை அவளிடம் படித்தும் காட்டலாம். சேலத்து ஃபார்ம் வந்ததும் அவளையே பேனா பிடிக்க வையுங்கள். பெல்ட்: மஞ்சள். கியூ எண் அவளுடைய சான்றில் உள்ளபடி. பயிற்சி: மாதக் கணக்கில். அதற்கென்று ஃபார்மில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதிவிட்டு, பக்கத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.